பக்கத்துக் கல்லூரி கேட்கிறது, அனுப்பலாமா?

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். ஆய்விதழ்களை இணையத்தில் படிக்க மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் எங்களுக்குக் கிடைத்ததிலிருந்து பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரிப் பேராசிரியர்கள் அடிக்கடி போன் செய்து, "இந்தக் கட்டுரையை மட்டும் எடுத்து அனுப்புங்கள்" என்கிறார்கள். மறுக்கவும் மனமில்லை, அனுப்பவும் பயமாக இருக்கிறது. இதற்கிடையில் எங்கள் கல்லூரி முதல்வர், பாடநூல்களை முழுதாக ஸ்கேன் செய்து மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் போடச் சொல்கிறார். அவர் வாய்மொழியாகச் சொன்னதுதான். ஒரு பயிலரங்கில் '10 விழுக்காடு வரை நகல் எடுக்கலாம்' என்றார்கள். அது சரியா? எங்களிடம் நொறுங்கிப்போகும் நிலையில் பழைய தமிழ் நூல்களும் நிறைய உண்டு. அவற்றை மின்மயமாக்கி மற்ற கல்லூரிகளோடு பகிரலாமா?

பதில்:

அன்புள்ள நூலகருக்கு, வணக்கம்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். உங்கள் அலமாரியில் இருக்கும் அச்சுப் புத்தகத்தை நீங்கள் யாருக்கு இரவல் கொடுத்தாலும் பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது. பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உரிமையாளருக்குத் தருகிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளை அது தொடுவதில்லை. ஒருமுறை விற்றுவிட்ட பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிதான். எனவே பக்கத்துக் கல்லூரிக்குப் புத்தகத்தைப் பையனிடம் கொடுத்தனுப்பினாலும் சரி, நூலகங்களை இணைக்கும் டெல்நெட் வலையமைப்பு வழியாகக் கூரியரில் அனுப்பினாலும் சரி, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். புத்தகத்தோடு வரும் குறுந்தகடும் அப்படியே. 2012 திருத்தம் 'வணிக வாடகை' என்பதை வரையறுத்தபோது, முறையாக வாங்கிய மென்பொருள், ஒலிப்பதிவு, திரைப்படப் பிரதிகளை லாப நோக்கமற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ இரவல் தருவதை அதிலிருந்து வெளிப்படையாக விலக்கிவிட்டது.

புத்தகம் கை மாறும் வரை சட்டம் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிரதி எடுக்கத் தொடங்கும்போதுதான் பார்க்கும்.

நம் சட்டத்தில் நூலகங்களுக்கிடை இரவல் என்று பெயர் சொல்லி ஒரு பிரிவே இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பதிப்புரிமைச் சட்டத்தில் 108-ஆம் பிரிவும், அதை விளக்கி கான்டு என்ற ஆணையம் தந்த வழிகாட்டுதலும் உண்டு. ஓர் இதழின் கடைசி ஐந்தாண்டு வெளியீடுகளிலிருந்து ஒரு நூலகம் ஓராண்டில் ஐந்து கட்டுரைக்கு மேல் கேட்டுப் பெறக்கூடாது என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். நம்மூர்ப் பயிலரங்குகளில் அதை ஏதோ உலகச் சட்டம் போல ஒப்பிப்பவர்கள் உண்டு. உங்களிடம் சொன்ன 10 விழுக்காடும் அந்த வகைதான். ஆஸ்திரேலியச் சட்டத்தில் 10 விழுக்காடு அல்லது ஓர் அத்தியாயம் என்ற அளவு எழுதியே இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் எந்த விழுக்காடும் இல்லை. இல்லாததால் சில இடங்களில் நமக்கு லாபம், சில இடங்களில் நாமே யோசித்து முடிவெடுக்க வேண்டிய தொல்லை.

நமக்குக் கைகொடுப்பது 52-ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவே, ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்கிறது. அதற்காக மின்னணு வடிவில் சேமித்து வைப்பதும் மீறல் இல்லை என்று கூடவே ஒரு விளக்கமும் இருக்கிறது. இந்தச் சலுகை வாசகருடையது, நூலகத்துடையது அல்ல என்பதை மனதில் வையுங்கள். நூலகம் அவர் சார்பில் நகலை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. எனவே நகல் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பின்னால் ஒரு பெயரும் ஒரு தேவையும் இருக்க வேண்டும். "பொருளியல் துறைக்கு" என்று வருவது கோரிக்கையே அல்ல. "இன்னார், இந்த ஆய்வுக்காக, இந்த ஒரு கட்டுரை" என்று கேட்டால், உங்களிடம் இருக்கும் அச்சு இதழிலிருந்து ஜெராக்ஸோ ஸ்கேனோ எடுத்துத் தயங்காமல் அனுப்புங்கள். அனுப்பியபின் அந்தக் கோப்பை உங்கள் கணினியில் 'அடுத்தவர் கேட்பாரே' என்று பத்திரப்படுத்தாதீர்கள். யாரோ கேட்டதற்காக எடுத்தது நகல். கேட்பதற்கு முன்பே குவித்து வைப்பது கிடங்கு. என்னிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே தீர்த்துவிடுகிறேன்.

ஆனால் உங்கள் கேள்வி அச்சு இதழைப் பற்றியதல்ல. சந்தாவில் வரும் மின்னிதழுக்குச் சட்டத்தோடு உரிம ஒப்பந்தம் என்று இன்னொரு அடுக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரே நாடு ஒரே சந்தாவுக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு சுமார் 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். பயன்பெறுவோர் பட்டியலில் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் இருக்கின்றன. சுயநிதிக் கல்லூரிகள் இல்லை. இது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் உயர்கல்வி படிக்கும் பிள்ளைகளில் எவ்வளவோ பேர் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். வரிப்பணத்தில் வாங்கியதை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன தப்பு என்று உங்கள் மனம் கேட்பது நியாயம்தான். ஆனால் உறுத்தல் ஒப்பந்தத்தை மாற்றிவிடாது.

இந்தத் திட்டத்தில் பதிப்பகங்களோடு பேசி முடித்தது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் வழியாக. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் தேசிய மையம் அது. அந்த ஒப்பந்தம் நீங்கள் கையெழுத்திட்டதல்ல. அதனால்தான் அதில் என்ன இருக்கிறது என்று நம் கல்லூரி நூலகர்கள் படிப்பதில்லை. மின்னிதழ் உரிமங்களில் இரண்டு சொற்றொடர்களைத் தேடுங்கள். ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் யார் என்பது. வழக்கமாக உங்கள் மாணவர், ஆசிரியர், அலுவலர். பல உரிமங்களில் நூலகத்துக்குள் நேரில் வந்து உங்கள் கணினியில் படிக்கும் வெளியாரும் அடங்குவர். இன்னொன்று, நூலகங்களுக்கிடை இரவல் பற்றிய பத்தி. சில பதிப்பகங்கள் அச்செடுத்து அனுப்ப மட்டும் விடும். சில மின்வடிவிலும் விடும், ஆனால் மற்ற நூலகத்துக்குத்தான், தனியாருக்கு நேராக அல்ல. சில அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருக்கும். எனவே பொத்தாம்பொதுவாக 'அனுப்பலாம்' என்றோ 'கூடாது' என்றோ நான் சொன்னால் அது பொய். அடிக்கடி கேட்கப்படும் ஐந்தாறு பதிப்பகங்களின் பெயரை எழுதி, இந்த இரண்டு விஷயத்திலும் நிபந்தனை என்ன என்று இன்ஃப்ளிப்நெட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

சட்டம் தரும் சலுகையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞர் அழகாக வாதாடலாம். ஆனால் நூலகருக்கு அந்த வாதத்தால் பெரிய பயன் இல்லை. பதிப்பகம் நீதிமன்றம் போவதற்கு முன்பே உங்கள் கல்லூரியின் ஐபி முகவரியை முடக்கிவிடும். ஒரே இடத்திலிருந்து கட்டுரைகள் வரிசையாக இறங்கினாலே தானியங்கி எச்சரிக்கை அடித்துவிடும். அப்புறம் உங்கள் சொந்த மாணவர்கள் தேர்வு நேரத்தில் நிற்பார்கள். பாஸ்வேர்டைப் பகிர்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரே சொல்தான்: கூடாது. கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தின் பக்கமும் நூலகத்தின் பெயரில் போக வேண்டாம். எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகிய ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்கவே உத்தரவு வந்துவிட்டது.

சரி, போன் செய்யும் அந்தப் பேராசிரியருக்கு என்னதான் செய்வது? வெறும் 'முடியாது' சொல்லி வைக்காதீர்கள். முதலில் அந்தக் கட்டுரை திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, எங்காவது கிடக்கிறதா என்று அவரையே வைத்துத் தேடவையுங்கள். பலமுறை ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலேயே கிடைத்துவிடும். ஆசிரியரே பகிர அனுமதி தந்துவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான கட்டுரையாக இருந்தால், நீங்கள் உள்ளபடியே அனுப்ப யாருடைய அனுமதியும் தேவையில்லை. இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். தன் கட்டுரையைப் படிக்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள். உரிமம் நேரில் வருபவரை அனுமதித்தால் ஒரு சனிக்கிழமை அவரையே உங்கள் நூலகத்துக்கு வரச்சொல்லுங்கள். இரண்டு கல்லூரிகளும் அச்சு நூல்களுக்கும் அச்சு இதழ்களுக்கும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதும் நல்லது. அவர்களிடமும் உங்களுக்குத் தேவையானது இருக்கும், அதை மறக்க வேண்டாம்.

இப்போது முதல்வர் விஷயம். இதற்கு டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஷ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்ற சிறு கடை, பாடத்திட்டத்தில் உள்ள பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து, பக்கத்துக்கு 40 பைசா வாங்கிக்கொண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் மூன்றும் 2012-இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எடுக்கும் நகலுக்குப் பக்க அளவு எதையும் சட்டம் விதிக்கவில்லை, கற்பித்தல் என்ற நோக்கத்துக்கு அது தேவைதானா என்பதே அளவுகோல் என்றது. கற்பித்தல் என்பது வகுப்பறை நேரம் மட்டுமல்ல, நகலை ஒரு கடைக்காரர் எடுத்துத் தந்தாலும் குற்றமில்லை என்றும் சொன்னது. ஆனால் அந்தத் தொகுப்புகளில் இருந்தவை உண்மையில் அந்த அளவுக்குத் தேவைதானா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பியும் அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றதால் அந்த விசாரணை நடக்கவில்லை. இந்திய நகல் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது, அங்கும் எடுபடவில்லை. டெல்லித் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த பெரிய துணை அதுதான்.

இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பலரும் 'எல்லாம் செய்யலாம்' என்கிறார்கள். தீர்ப்பில் இருப்பது ஆசிரியர், மாணவர், பாடம், தேவையான பகுதி. உங்கள் முதல்வர் சொல்வது முழு நூல், முழுக் கல்லூரி, காலக்கெடு இல்லாத வாட்ஸ்அப் குழு. குழுவில் விழுந்த கோப்பு சாயங்காலத்துக்குள் நான்கு மாவட்டம் தாண்டிவிடும் என்பது அவருக்கும் தெரியும். மாணவர்களுக்காகவே எழுதி, மாணவர்களிடமே விற்க அச்சிட்ட பாடநூலை முழுதாகப் பரப்புவதைக் கற்பித்தலுக்கான தேவை என்று நியாயப்படுத்துவது கடினம். அதிலும் தமிழ்வழிப் பாடநூல் என்றால் எனக்கு இன்னும் தயக்கம் அதிகம். ஆக்ஸ்ஃபோர்டு தாங்கிக்கொள்ளும். சில நூறு பிரதி அடித்து, கல்லூரி கல்லூரியாகச் சுமந்து விற்கும் நம் ஊர்ப் பதிப்பாளரின் வாடிக்கையாளர்களே இந்த மாணவர்கள்தான். இதைச் சட்டமாகச் சொல்லவில்லை, என் அபிப்பிராயம்.

63-ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். தெரிந்தே மீறுபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யாவிட்டால் நீதிமன்றம் குறைக்கலாம். ஒரு கல்லூரி நூலகர் இதற்காகச் சிறைக்குப் போவார் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் வாய்மொழி உத்தரவில் ஸ்கேன் செய்தவர் நீங்கள், குழுவில் போட்ட எண் உங்களுடையது என்றால், கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

வாட்ஸ்அப்புக்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். பாடம் நடத்தும் ஆசிரியர், தன் பாடத்துக்குத் தேவையான அத்தியாயங்களைக் குறித்து உங்களிடம் எழுத்தில் கேட்கட்டும். நீங்கள் ஸ்கேன் செய்து அவரிடம் கொடுங்கள். அவர் தன் வகுப்பு மாணவர்கள் மட்டும் நுழையக்கூடிய கூகுள் கிளாஸ்ரூமில் போடட்டும், பருவம் முடிந்ததும் எடுத்துவிடட்டும். முதல் பக்கத்தில் நூல், ஆசிரியர், பதிப்பகம், பாடத்தின் பெயர் இருக்கட்டும். முழுநூலும் தேவைப்படும் பாடங்களுக்கு அந்த நூலில் இன்னும் ஐந்து பிரதி வாங்கி, வெளியே போகாத தனி அலமாரியில் வைத்து, பகலில் இரண்டு மணி நேர இரவலும் இரவு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் திருப்பும் இரவலுமாக ஓட்டுங்கள். பழைய முறைதான், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது.

பழைய தமிழ் நூல்கள் விஷயத்தில் எனக்கு உங்களைவிட ஆர்வம் அதிகம். நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்குச் சுதந்திரமும் அதிகம். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தார், எனவே 2008 முடிவோடு தீர்ந்தது. கல்கி 1954-இல் இறந்தார், 2014 முடிவோடு தீர்ந்தது. இவற்றை ஸ்கேன் செய்யுங்கள், இணையத்தில் ஏற்றுங்கள், எந்தக் கல்லூரிக்கும் அனுப்புங்கள். இதைத் தவிர நம் மாநிலத்துக்கே உரிய ஒரு வசதி, நாட்டுடைமை. அரசு மரபுரிமையரிடம் பரிவுத்தொகை கொடுத்துப் பொதுவாக்கிய படைப்புகளுக்கு 60 ஆண்டுக் கணக்கே தேவையில்லை. அவற்றில் நிறைய ஏற்கெனவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. ஸ்கேனரைத் திறப்பதற்கு முன் அங்கே தேடிப்பாருங்கள். இருப்பதையே இன்னொருமுறை எடுத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு கண்ணி இருக்கிறது. மூலம் பொதுவாகிவிட்டாலும், பின்னால் வந்த பதிப்பில் உள்ள முன்னுரை, உரை, குறிப்பு, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. திருக்குறள் எல்லோருக்கும் சொந்தம். அதற்கு பத்து ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிய உரை அவருக்குச் சொந்தம். எனவே உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு, அதில் யார் கை பட்டிருக்கிறது என்று தலைப்புப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

இந்த இரண்டிலும் சேராத, அதாவது ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகாத, நாட்டுடைமையும் ஆகாத, ஆனால் அச்சில் இல்லாத நூல்கள்தான் உண்மையில் தலைவலி. வணிக நோக்கமற்ற பொது நூலகத்துக்கு 52-ஆம் பிரிவில் இரண்டு சலுகை இருக்கிறது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிக்கு மிகாமல் எடுக்கலாம். நூலகத்திடம் அச்சுப் பிரதி இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்னணு வடிவில் சேமிக்கலாம். பொது நூலகம் என்பதில் கல்லூரி நூலகம் அடங்குமா என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. வெளி ஆய்வாளர்களையும் உறுப்பினராகச் சேர்க்கும் அரசுக் கல்லூரி நூலகம் அதைக் கோர நியாயம் உண்டு என்பது என் கருத்து. உள்ளூர் வாசகர்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுக்கத் தொடங்கினால் உங்கள் நிலை இன்னும் உறுதியாகும். ஆனால் சட்டம் பேசுவது சேமிப்பதைப் பற்றி, பரப்புவதைப் பற்றி அல்ல. அந்தக் கோப்பு உங்கள் நூலகக் கணினியில் படிக்கக் கிடைக்கட்டும், இணையத்தில் ஏற வேண்டாம். விற்பனையில் இல்லை என்பதற்கு பதிப்பாளருக்கு எழுதிய கடிதம், கடைகளில் தேடிய தேதி இரண்டையும் அந்த நூலின் பதிவோடு வையுங்கள். பல நேரம் அந்தக் கடிதமே வேலையை முடித்துவிடும். எழுத்தாளரின் பிள்ளைகள் "தாராளமாகப் போடுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரியில் பார்வைத்திறன் குறைந்த மாணவர்கள் இருந்தால், அவர்களுக்காக முழுநூலையும் ஸ்கேன் செய்து, திரைவாசிப்பானில் ஓடும் கோப்பாகவோ ஒலிநூலாகவோ பிரெயிலாகவோ மாற்றலாம். 2012 திருத்தம் இதற்கென்றே தனி உட்பிரிவைச் சேர்த்தது. லாபம் பார்க்கக்கூடாது, அந்தப் பிரதி மாற்றுத்திறனாளிகளிடம் மட்டுமே போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மற்ற கல்லூரியின் அத்தகைய மாணவருக்கும் பகிரலாம். 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா மின்னூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'பதிப்புரிமைச் சிக்கல் வரும்' என்று இந்த மாணவர்களைத் திருப்பி அனுப்பும் நூலகங்கள் உண்டு. சட்டம் தாராளமாக இருக்கும் இடத்தில் நாம் கஞ்சத்தனம் பண்ணுவது எனக்குப் பிடிப்பதில்லை.

முதல்வரிடம் சட்டப் பிரிவுகளை அடுக்காதீர்கள், எரிச்சல்தான் வரும். அவர் கேட்டது பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதைத்தான். எந்தெந்தப் பாடநூலுக்கு எத்தனை பிரதி கூடுதலாக வேண்டும், என்ன செலவு ஆகும், எந்த ஆசிரியர் எந்த அத்தியாயங்களைக் கேட்டிருக்கிறார் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். அதற்குப் பிறகும் முழுநூலையும் குழுவில் போடத்தான் வேண்டும் என்றால், "எழுத்தில் கொடுங்கள் ஐயா, கோப்பில் வைத்துக்கொள்கிறேன்" என்று பணிவாகக் கேளுங்கள்.